பார்க்காத இடத்தின் ஞாபகம்

நீதிமன்றத்திலிருந்து சாட்சி அழைப்பாணை வந்த காலையில் நான் இரண்டாவது காபிக்குக் காத்திருந்தேன். கொண்டுவந்த ஊழியர் குறிப்பேட்டை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தைக் காட்டினார். போட்டேன். அது என் கையெழுத்து மாதிரி இல்லை. வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரி உறைகளை ஆயிரக்கணக்கில் அனுப்பியிருக்கிறேன். வாங்குகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வழக்கு சின்னது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் மண்டலத் துணை வட்டாட்சியராக இருந்தபோது, நிலம் வாங்கிய ஒருவருக்கு உட்பிரிவு செய்து பட்டா கொடுக்க உத்தரவிட்டேன். அதில் ஒரு துண்டு அவர் பக்கம் சேர்ந்துவிட்டது. அந்தத் துண்டு வழியாகத்தான் பின்னால் வீடு கட்டியிருந்த ஒரு பெண்மணி தார்ச்சாலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டு கழித்து நிலத்துக்காரர் கல் ஊன்றிக் கம்பி கட்டினார். பெண்மணி தன் பாதையைக் கேட்டு வழக்குப் போட்டார். இப்போது நிலத்துக்காரர் தரப்பு என்னைத் தங்கள் சாட்சியாக அழைத்திருந்தது.

அவருடைய வக்கீல் போனில் தேனாகப் பேசினார். "சார், பயப்பட ஒண்ணுமே இல்ல. ஃபைல்ல நீங்க எழுதினதுதான். போனேன், பார்த்தேன், ஆட்சேபணை இல்ல. மூணே மூணு விஷயம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம்."

அந்த மூன்றில் முதல் இரண்டும் பொய். மூன்றாவது, போகாத இடத்தில் யாரும் ஆட்சேபிக்க முடியாது என்ற அளவில் உண்மை.

எங்கள் அலுவலகத்தில் அதற்கு டேபிள் இன்ஸ்பெக்‌ஷன் என்று பெயர். கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை இருக்கும். நில அளவர் புலப்படத்தில் சிவப்புக் கோடு போட்டிருப்பார். நாங்கள் அந்தப் படத்தை மேசையில் விரித்து, பறக்காமல் இருக்க ஒரு ஓரத்தில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு, "இடத்தை நேரில் பார்வையிட்டேன், ஆட்சேபணை ஏதும் இல்லை" என்று எழுதுவோம். அந்த வாரம் ஜீப் ஒரு விழாவுக்குப் போயிருந்தது. வருடாந்திரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்திக்குள் நிலுவையை முடித்தாக வேண்டும். அந்த ஒரே நாளில் பதினோரு இடங்களை நேரில் பார்வையிட்டேன். நாற்காலியை விட்டு எழுந்தது சாப்பிடுவதற்கு மட்டும்தான். புலப்படத்தில் பாதை எதுவும் இல்லை. பல தலைமுறையாக ஆட்கள் நடந்த தடம் எந்தப் படத்தில் ஏறியிருக்கிறது?

ஓய்வூதிய விதிகள் எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்றவன் மீது நான்கு ஆண்டுகளுக்கு மேல் பழைய சம்பவத்துக்காகப் புதிதாகத் துறை நடவடிக்கை தொடங்க முடியாது. அந்த விதியை அலமாரியிலிருந்து எடுத்து மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அது என் பக்கம்தான் இருந்தது. பயம் குறையவில்லை. பயம் விதியைப் பற்றியது இல்லை. கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "எந்தப் பக்கமிருந்து உள்ளே போனீர்கள்? வழியில் என்ன மரம் இருந்தது?" என்று கேட்பார். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க என் வாய் திறக்காது. அந்தக் காட்சி ஒரு நாளைக்கு இருபது தடவை வந்தது. தட்டில் இட்லி ஆறிப் போகும். ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

என் மனைவி பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். எந்தக் கோளாறுக்கும் ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது என்ற நம்பிக்கை அந்தப் பதவியோடு வருவது. எனக்குக் கூண்டேறப் பயம் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. ஒரு நாள் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினார். 'தனிவாழ்விலும் பணியிலும் திறம்படச் செயல்பட நரம்பு மொழி நிரலாக்கம்: ஓர் அறிமுகம்.' புதுக்கோட்டையில் ஒரு திருமண மண்டபத்தின் சிறிய ஹால், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், மதிய உணவு உண்டு. எனக்கு இனி என்ன பணி, என்ன திறம் என்று கேட்டேன். பெயர் பதிவு செய்தாகிவிட்டது என்றார்.

ஹாலில் முப்பது பேர் இருந்தோம். வங்கிக்காரர்கள், காப்பீட்டு முகவர்கள், தனியார் பள்ளி ஆசிரியைகள். எல்லோருக்கும் என் பாதி வயது. பயிற்சியாளர் திருச்சியிலிருந்து வந்தவர். அந்த வெயிலில் கோட்டுப் போட்டிருந்தார். நம் ஐம்புலன்களும், நாம் நமக்குள்ளே பேசிக்கொள்ளும் சொற்களும், நம் பழக்கங்களும் ஒன்றோடொன்று பின்னியவை என்றார். ஒன்றை மாற்றினால் மற்றவை மாறும், அதற்கான வழிமுறைகளின் தொகுப்பே என்.எல்.பி., அதாவது நரம்பு மொழி நிரலாக்கம் என்றார். விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் இதை ஒப்புக்கொள்வதில்லை என்று நான் முதல் நாளே படித்துவிட்டுப் போயிருந்தேன். ஆனால் பயந்தவன் ஆதாரம் கேட்கும் நிலையில் இருப்பதில்லை.

முதல் பாடம் இணக்கம். எதிரில் இருப்பவர் சாய்ந்தால் நாமும் கொஞ்சம் சாய வேண்டும், மெதுவாகப் பேசினால் நாமும் மெதுவாகப் பேச வேண்டும், அப்போது அவருக்கு நம்மிடம் நம்பிக்கை வரும். இதற்கா கட்டணம் என்று நினைத்தேன். ஆட்சியர் சிரித்தால் சிரித்து, அவர் இருமினால் கவலைப்பட்டு, நாங்கள் முப்பது வருடம் இதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தோம். 

இரண்டாவது பாடத்தில் சிரிப்பு நின்றது. மனிதர்கள் பொத்தாம்பொதுவாகப் பேசித் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்றார் பயிற்சியாளர். 'எல்லோரும் என்னை ஒதுக்குகிறார்கள்' என்று ஒருவர் சொன்னால், எல்லோரும் என்றால் யார், எப்போது, என்ன செய்தார்கள், நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் சொற்களுக்குப் பின்னால் இருப்பது வெளியே வரும். நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். அரசாங்க அறிக்கை என்பதே இந்தக் கேள்விகள் நுழைய முடியாதபடி எழுதப்படுவது. ஆட்சேபணை ஏதும் இல்லை. யாருடைய ஆட்சேபணை? யாரிடம் கேட்கப்பட்டது? அந்த வாக்கியத்தில் மனிதரே கிடையாது.

பிறகு அவர் பலகையில் ஒரு படம் வரைந்து, நம் மண்டைக்குள் இருப்பது வெறும் மேப்தான், நிலம் வேறு, இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர் என்றார். அறிமுகத்தின்போது நான் வருவாய்த் துறை என்று சொல்லியிருந்தேன். அதனால் உற்சாகமாக என் பக்கம் திரும்பி, "சாருக்குத்தான் இது நல்லாத் தெரியும். ஒரு உதாரணம் சொல்லுங்க சார்" என்றார். இருபத்தொன்பது தலைகள் திரும்பின. கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டு வெளியே போனேன். அங்கே குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

இரண்டாவது ஞாயிறு போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்றைய தலைப்பு பயம். நீங்கள் அஞ்சுகிற ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள், அது நல்லபடியாக நடந்து முடிவதை ஒரு சினிமாவாக ஓட்டிப் பாருங்கள் என்றார். நிறம், வெளிச்சம், சத்தம், வாசனை எல்லாம் வேண்டும். தெளிவு உச்சத்துக்கு வரும்போது கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்த வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால், பிறகு விரலை அழுத்தினாலே அந்தத் தைரியம் வந்துவிடும். இதற்கு நங்கூரம் என்று பெயர்.

நான் கையைத் தூக்கினேன். ஒரு காரியத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, அந்தக் காரியத்தின் ஞாபகமே இல்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"உருவாக்கிக்கோங்க சார். நடந்ததா, நினைச்சதான்னு மூளைக்கு வித்தியாசம் தெரியாது."

கண்ணை மூடினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஜீப் வந்தது. செம்மண் சாலை. வெள்ளைச் சட்டையில் கிராம நிர்வாக அலுவலர், கக்கத்தில் அடங்கல் பதிவேடு. நில அளவர் சங்கிலியை இழுக்கும் சத்தம். இடப்பக்கம் ஒரு புளியமரம், அதன் நிழலில் கட்டியிருந்த ஆடுகள், ஆட்டுப்புழுக்கை வாசனை. நான் நடந்து போகிறேன். ஆட்சேபணை உண்டா என்று சத்தமாகக் கேட்கிறேன். யாரும் பதில் சொல்லவில்லை. விரலை அழுத்தினேன். மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கியது. மத்தியானம் இரண்டு தடவை சாம்பார் கேட்டு வாங்கினேன்.

அதன் பிறகு தினமும் குளித்துவிட்டு வந்து பத்து நிமிடம் உட்கார்ந்தேன். படம் நாளுக்கு நாள் தெளிந்தது. ஆடுகளில் ஒன்றுக்குக் காது வெள்ளை. வக்கீல் போன் செய்தபோது, சங்கிலியைப் பிடித்துப் பார்த்தேன் என்று நானாகவே சொன்னேன். அவர் மகிழ்ந்துபோனார்.

ஒரு காலை மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். "என்னங்க, நெசமாவே அந்த எடத்துக்குப் போயிருந்தீங்களா? இல்ல, ஒங்க ஆபீஸ் வழக்கப்படியா?"

"போனேனே. புளியமரத்துக்குப் பக்கத்துல ஜீப்ப நிறுத்தச் சொன்னேன்."

யோசிக்காமல் வந்த பதில். குரலில் தடுமாற்றம் இல்லை. மனைவி தலையாட்டிவிட்டுக் கீரைக்குத் திரும்பினார். நான் அப்படியே நின்றேன். இதற்கு முன் நான் பொய் எழுதியிருக்கிறேன், ஆனால் எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியும். அன்று அந்தப் பதிலைச் சொன்ன கணத்தில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அழைப்பாணை வந்தபோது இருந்த பயம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. இன்னும் பத்து நாள் பழகினால், போகவில்லை என்பதை எனக்கு நினைவூட்ட இந்த உலகத்தில் யாருமே இருக்க மாட்டார்கள்.

மறுநாள் பேருந்து ஏறினேன். எதிர்த்தரப்பு வாதியைச் சாட்சி தேடிப் போவது முறையல்ல என்று எனக்குத் தெரியும். வீட்டில் மின்கட்டணம் கட்டப் போவதாகச் சொன்னேன். அரிமளம் தாண்டி, இன்னொரு பேருந்து மாறி, தைலமரக் காட்டு ஓரமாக இறங்கி நடந்தேன். டீக்கடையில் இடத்தைக் கேட்டபோது என் குரல் மனுக் கொடுக்க வந்தவனுடையது மாதிரி இருந்தது.

புளியமரம் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்த அடையாளமும் இல்லை. கல்லுக்கால்கள், ஐந்து வரிசை முள்கம்பி, அதற்கு அந்தப் பக்கம் சோளத்தட்டை. கம்பிக்குக் குறுக்கே, உழாத ஓரமாக, புல் முளைக்காத ஒரு பட்டை உள்ளே நேராக ஓடி ஒரு ஓட்டு வீட்டில் முடிந்தது. ஏழு வருடம் யாரும் மிதிக்காத பிறகும் அந்தத் தடம் தெரிந்தது. வந்திருந்தால் அரை நிமிடத்தில் பார்த்திருப்பேன்.

நான் நிற்பதைப் பார்த்துவிட்டு அந்த வீட்டிலிருந்து ஒரு பெண்மணி கையசைத்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் அரிவாள், தலையில் சும்மாடு. "அங்கிட்டு வழி இல்லீங்க. கண்மாக்கரையில ஏறிச் சுத்தி வாங்க. வேட்டியப் பாத்து, கம்பியில மாட்டிக்கிரும்" என்று கத்தினார்.

சுற்றிப் போனேன். கரையில் கருவேலம் மண்டியிருந்தது. ஓரிடத்தில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரம் ஆயிற்று. கோர்ட்டிலிருந்து அளக்க வந்தவர் என்று அவர் என்னை நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். மழைக்காலத்தில் இந்தக் கரையில் நடக்க முடியாது என்றார். போன ஐப்பசியில் விழுந்து மணிக்கட்டு உடைந்ததைக் காட்டினார். வளைவாகச் சேர்ந்திருந்தது. கணவர் இறந்தபோது தூக்கிப் போக, கம்பியைக் கழற்றித் தரச் சொல்லி நிலத்துக்காரரிடம் கைகூப்பி நின்றதைச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குக் கழற்றித் தந்தார்களாம்.

பிறகு அவராகவே சொன்னார். "யாரைக் குத்தம் சொல்லி என்னங்க. அந்தத் தாசில்தாரு நேர்ல வந்து பாத்துட்டு, ஆச்சேபணை இருக்கான்னு கேட்டுட்டுத்தான் போயிருக்காரு. பேப்பர்லயே இருக்குன்னு வக்கீல் படிச்சுக் காட்டுனாரு. அன்னைக்குன்னு பாத்து நான் எங்க போய்த் தொலைஞ்சேன்னு தெரியல. நடவுக்குப் போனேனா, ரேசன் கடையில நின்னேனா. வீட்ல இருந்திருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்ல. இத்தன வருசமா நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், அந்த நாளு ஞாபகத்துக்கே வர மாட்டேங்குது."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அரிவாள் அவர் கையில் இருந்ததால் பயந்தேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் அது உண்மையில்லை. அவர் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் பயந்தேன். தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன்.

சாட்சி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மனைவி என் வேட்டிக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தார். முதல் நாள் மாலை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்ததும், நானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பார்வையாளர்களில் ஒருவர் குறைந்தால் எனக்கு நல்லது.

பத்தரைக்குப் போய் உட்கார்ந்தேன், பன்னிரண்டு மணிக்கு அழைத்தார்கள். கூண்டில் மூன்று படிதான். இரண்டாவது படியிலேயே கட்டையைப் பிடித்துக்கொண்டேன். உறுதிமொழி எடுத்தேன். அந்தப் பெண்மணி கடைசி பெஞ்சில் இருந்தார். என்னைப் பார்த்ததும் கோர்ட்டு ஆள் எதற்காகக் கூண்டில் ஏறுகிறார் என்ற குழப்பத்தில் கழுத்தை நீட்டினார்.

பழக்கத்தில் என் விரல்கள் தாமாகச் சேர்ந்தன. உடனே புளியமரம் வந்துவிட்டது. நிழல், ஆடுகள், வெள்ளைக் காது, எல்லாம் ஒழுங்காக, அழகாக. பயம் இறங்கத் தொடங்கியது. பயிற்சியாளர் சொன்னது நூற்றுக்கு நூறு வேலை செய்தது. நான் விரல்களைப் பிரித்து இரண்டு உள்ளங்கைகளையும் கட்டையின் மேல் விரித்து வைத்தேன். பயம் முழுசாகத் திரும்பி வந்தது. எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

வக்கீல் என் பதவி, பணிக்காலம் எல்லாம் கேட்டார். அறிக்கையைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றேன். இதில் கண்டபடி நீங்கள் இடத்தை நேரில் பார்வையிட்டீர்களா என்றார்.

"இல்லை."

அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. திரும்பக் கேட்டார்.

"நான் போகவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். அங்கே யாரிடமும் எதுவும் கேட்கவில்லை." குரல் பிசிறியது. ஆனால் தட்டச்சுக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டினார், அதனால் கேட்டிருக்கிறது என்று தெரிந்தது.

வக்கீல் என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்க அனுமதி கேட்டார். கிடைத்ததும் ஒரு மணி நேரம் என்னைக் குதறினார். வாதியிடம் என்ன வாங்கினாய் என்பதைப் பத்து விதமாகக் கேட்டார். வாதியின் வீட்டுக்குப் போனாயா என்று கேட்டபோது போனேன் என்றேன், தண்ணீர் குடித்தேன் என்றேன். அது எனக்கு எவ்வளவு கெட்டது என்று தெரிந்தே சொன்னேன். அரசு ஊழியர் பொய் அறிக்கை தந்தால் என்ன பிரிவு, எவ்வளவு தண்டனை என்பதெல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நடைமுறை தெரிந்தவனுக்குப் பயத்திலும் விவரம் அதிகம். நீதிபதி என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுதிக்கொண்டது எனக்குத் தெரிந்தது, என்ன எழுதினார் என்பது இன்றுவரை தெரியாது. இடத்தைப் பார்த்து வர ஆணையர் ஒருவரை நியமிக்கக் கோரி வாதி தரப்பு மனுப் போடலாம் என்று மட்டும் சொன்னார். இப்போது அந்த மனு நிலுவையில் இருக்கிறது. தினமும் தபால் நேரத்தில் வாசலில் நிற்கிறேன்.

வாக்குமூலத்தைப் படித்துக் கையெழுத்திட்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் அந்தப் பெண்மணி நின்றிருந்தார். விலகிப் போக இடமில்லை.

"அப்ப அந்தத் தாசில்தாரு நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு என் வீட்ல ஒக்காந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டீங்களே. அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சும்மா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மன்னித்த பார்வையும் இல்லை, திட்டப்போகிற பார்வையும் இல்லை. ஒரு கணக்கு எங்கே தப்பியது என்று கண்டுபிடித்தவர் மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினார். 

"அப்ப நான் வீட்லதான் இருந்திருக்கேன்" என்றார், என்னிடம் இல்லை. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

நான் போக வேண்டியதும் அதே பேருந்து நிறுத்தம்தான். அவருடைய பேருந்து வந்து அவர் ஏறிப் போகிற வரை, நீதிமன்ற வாசலில் நோட்டீஸ் பலகை முன்னால் நின்று, எனக்குச் சம்பந்தமில்லாத ஏல அறிவிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன்.